காலதரும் கண்ணாடியும்: ஜார்ஜ் டவுன் பழமனைகளின் சன்னல்கள்

வீட்டுச் சுவரில் காற்று வருவதற்கென விடப்படும் வாயிலுக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. ஆயினும் நாம் அன்றாடம் வழங்கும் பெயர் கடல் கடந்து வந்தது. சன்னல் என்பது போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'. அவர்தம் கப்பலோடு வந்த அச்சொல் தமிழரிடம் சன்னல் ஆயிற்று. சிங்களவரிடம் ஜனேலய ஆயிற்று. மலாய் மக்களிடம் ஜெண்டேலா ஆயிற்று. தமிழும் மலாயும் சிங்களமும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு இது என்று சொல்லலாம்.

நம் பழஞ்சொற்களோ பொருள் விளங்க நிற்பவை. பலகணி என்பது பல கண்களை உடையது. பின்னல் வேலை அமைந்த சன்னலை நினைத்தால் பெயரின் பொருத்தம் புலப்படும். காலதர் என்பதில் கால் என்றது காற்றை. அதர் என்றது வழியை. ஆங்கிலேயர் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததே. பனி உறையும் நாட்டாரும், வெயில் காயும் நாட்டாரும், ஒருவரை ஒருவர் அறியாத காலத்தே ஒரே கருத்தை எட்டியிருக்கின்றனர். சன்னலின் முதற்கடன் காற்று. ஒளியும் காட்சியும் அதற்கு அடுத்தவை.

இளங்கோவடிகள் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது, மானின் கண்போல் அமைந்த காலதர்களையுடைய மாளிகைகளைச் சொல்லி, அவற்றை அடுத்தே யவனர் இருக்கையையும், பல நாட்டு வணிகர் கலந்து உறைந்த கரையையும் சொல்கிறார். மனையறம்படுத்த காதையில் தென்றல் சாளரத்தின் சிறு கண்ணில் நுழைந்து, வண்டோடு கூடி உள்ளே வருகிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுவது இதற்கு மறுதலை. வேனிலில் தென்றலைத் தந்த சாளரம் கூதிர்ப் பருவத்தில் கதவடைத்துத் தாழிடப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், புலவர்கள் சன்னலைத் திறக்கவும் அடைக்கவும் உரிய பொருளாக, பருவத்தோடு உடன் இயங்கும் உறுப்பாகக் கண்டனர் என்பது தெளிவாகும். வகுப்பறையில் 'காலதர் - சன்னல்' என்று அருஞ்சொற்பொருள் எழுதிக் கடந்துவிடுகிறோம். அந்த 'கால்' எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மாக் மண்டினிலும் பட்டர்வொர்த்திலும் வாழும் நமக்கு அக்கேள்வியைக் கேட்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெரியில் ஏறி அக்கரை சேர்ந்தால் போதும். 1786-இல் பிரான்சிஸ் லைட் கால் வைத்த முனையில் வளர்ந்த ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. அதன் உட்பகுதி 109 எக்டேருக்குச் சற்று மேற்பட்டது. அதனுள் 1,700-க்கு மேற்பட்ட வரலாற்றுக் கட்டடங்கள் உள்ளன. புகாரின் மருவூர்ப்பாக்கம் போலவே இதுவும் பல இனத்தார் கலந்து உறைந்த துறைமுகக் கரை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும், சீனர் குலக்கோயில்களும் கூப்பிடு தொலைவில் நிற்கின்றன. சூலியாத் தெருவின் பெயரே சோழமண்டலக் கரையோரத்திலிருந்து வந்தவர்களை நினைவூட்டுவது. பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன.

இங்குள்ள கடைவீடுகளின் அமைப்பை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டிய வரிசைகள். இரு மருங்கும் பொதுச்சுவர்; அச்சுவரில் சன்னல் வைக்க இடமில்லை. அகலம் குறைவு, நீளமோ அதனைப் போல் பல மடங்கு. ஆகவே காற்றுக்கு வழிகள் மூன்றே: தெருமுகப்பு, பின்சந்து, நடுவில் வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. வெப்பமுற்ற காற்று முற்றத்தின் வழியே மேலெழுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பச் சன்னல்கள் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. சன்னல் மூச்சை இழுக்கிறது, முற்றம் விடுகிறது. இரண்டில் ஒன்றை அடைத்தால் மற்றொன்றும் பயன் குன்றும்.

மேல்மாடியின் முகப்பில், அஞ்சடிக்கு மேலே, ஆளுயரச் சன்னல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். கதவின் மரச்சட்டத்துக்குள் மெல்லிய பலகைகள் சாய்வாக, மீன்செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அப்பலகைகள் அசையும். அவற்றை இணைத்து நிற்கும் மெல்லிய கோலை அசைத்தால் எல்லாம் ஒருசேரத் திறக்கும், ஒருசேர மூடும். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். மழை சாய்வில் வழிந்து வெளியே விழுகிறது. காற்றோ இடுக்குகளின் வழியே உள்ளே வருகிறது. வெயில் தடுக்கப்படுகிறது, ஒளி மட்டும் தணிந்து நுழைகிறது. உள்ளே இருப்பவர் தெருவைக் காண்பர்; தெருவில் நிற்பவர் உள்ளே இருப்பவரைக் காணார். காற்றும் மழையும் வெயிலும் பார்வையும் தனித்தனியே கட்டுப்படுகின்றன. கண்ணாடிப் பலகை ஒன்று இவற்றுள் மழையை மட்டும் தடுத்து, வெப்பத்தை உள்ளே விட்டு, காற்றை முற்றும் மறுக்கிறது.

சன்னலுக்கு மேலும் பக்கத்திலும் சுவரில் சிறு துளைகள் உண்டு. சில வௌவால் வடிவின. சீனமொழியில் வௌவாலைக் குறிக்கும் ஒலியும் நற்பேற்றைக் குறிக்கும் ஒலியும் ஒன்றே. ஆதலின் காற்று வருகின்ற துளையிலும் ஒரு சிலேடையைச் செதுக்கி வைத்தனர். காளமேகம் இவ்வழி வந்திருந்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்.

இச்சன்னல்களுக்கு நேர்ந்த மாற்றங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. முதலில் வந்தது, நாக்கோ என்று நாம் அழைக்கும் கண்ணாடித் தகடுச் சன்னல். நம் பக்கத்து வரிசை வீடுகளிலும் இதனைக் காணலாம். மரபு பேசுவோர் இதனைப் பழிப்பது வழக்கம். பழைய முகப்பில் இது அழகாக இல்லை என்பதும் உண்மையே. வெயிலை விடுகிறது, தகடு கழன்று விழுகிறது, திருடனுக்கு உதவுகிறது. ஆயினும் நாக்கோவின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அது காற்றை மறுக்கவில்லை. சாய்பலகையின் கொள்கையைக் கண்ணாடியில் எழுதிய மலிவான உரை அது.

இரண்டாவது கொடியது. போருக்கு முன் எழுந்த இக்கட்டடங்கள் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தன. அதனை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 2000 சனவரி முதல் கட்டுப்பாடு முற்றும் அகன்றது. பல்லாண்டு குறைந்த வாடகையில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறின, வீடுகள் வெறுமையாயின. அவ்வெறுமையில் சில வீடுகளுக்குள் உழவாரக் குருவிகள் குடியேற்றப்பட்டன. அவற்றின் கூடு விலைமிக்க உணவு. குருவிக்கு இருளும் ஈரமும் வேண்டும். ஆகவே சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, குருவி புகும் அளவுக்கு மட்டும் துளை விட்டனர். மனிதன் மூச்சுவிடக் கட்டிய வீடு குருவிக்குக் குகையாயிற்று. மரபுரிமைப் பகுதியிலிருந்து இக்கூட்டு வீடுகளை 2013-ஆம் ஆண்டு இறுதிக்குள் அகற்றுவதென மாநில அரசு முடிவு செய்தது. அடைத்த செங்கலைப் பெயர்த்துவிடலாம்; ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறிய மரநிலையை அப்படி மீட்க முடியாது.

மூன்றாவது மாற்றமே என் குறைகூறலுக்கு உரியது. ஏனெனில் அது பாதுகாப்பு என்ற பெயரோடு வருகிறது. பழைய கடைவீட்டை வாங்கித் தங்கும் விடுதியாகவோ காப்பிக் கடையாகவோ ஆக்குவோர், முகப்பின் மரக்கதவுகளுக்குச் சாயம் பூசி அப்படியே நிறுத்துகின்றனர். கண்ணுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் கதவுகளுக்குப் பின்னே அசையாத கண்ணாடி. அல்லது பலகை அடித்த சுவர். முற்றத்தின்மேல் கண்ணாடிக் கூரை. உள்ளே குளிர்சாதனம். மரக்கதவு திறக்கப்படுவதில்லை, சிலவிடங்களில் திறக்கவே முடியாதபடி திருகாணி முடுக்கப்பட்டிருக்கிறது. சொல் இருக்கிறது, பொருள் போய்விட்டது. காலதரில் 'கால்' இல்லை.

இதற்கு விதியாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஜார்ஜ் டவுனுக்கெனத் தனிப்பகுதித் திட்டம் ஒன்று 2016-இல் அரசிதழில் வெளியாயிற்று. அதற்கு முன், 2008-ஐ ஒட்டி, 18 மீட்டர் வரம்பை மீறும் நான்கு விடுதிக் கட்டடங்கள் குறித்துப் பெரும் வாதம் எழுந்ததைப் பலரும் அறிவர். உயரத்தை அளந்துவிடலாம், மரமா அலுமினியமா என்பதைத் தெருவில் நின்றே சொல்லிவிடலாம், சாயத்தின் நிறத்தைப் பார்த்துவிடலாம். சன்னல் திறக்கிறதா என்பது தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. விதி எதனை எளிதிற் காண்கிறதோ அதனைக் காக்கிறது. முகப்பு பிழைக்கிறது, மூச்சு நிற்கிறது.

இது வெறும் அழகியல் வாதம் என்று எண்ணற்க. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த இச்சுவர்கள் நிலத்தின் ஈரத்தையும் மழையின் ஈரத்தையும் உறிஞ்சுபவை. காற்று பட்டால் அவ்வீரத்தை வெளியே விடுபவை. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை அளவே வடக்கே இருப்பது. ஆண்டு முழுதும் ஈரக்காற்று. சன்னலை மூடி, முற்றத்தை மூடி, சிமெண்டும் பிளாஸ்டிக் சாயமும் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சாயம் கொப்புளிக்கும், உப்புப் பூக்கும், மரத்தில் கரையான் ஏறும். பிறகு 'பழைய வீடு, அப்படித்தான்' என்பர். வீடு பழையதாக இருந்ததால் வந்த கேடு அன்று அது.

இனி, மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்ற வினாவுக்கு வருவோம். ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் சொல்வது: 'மரம் உளுத்துவிட்டது; முழுதும் எடுத்துவிடலாம்.' ஆனால் மரச்சன்னல் முழுதும் ஒருங்கே கெடுவது அரிது. தண்ணீர் தங்குமிடம் எதுவோ அதுதான் முதலில் கெடும். கதவின் அடிச்சட்டம், நிலையின் கீழ்முனை, பொருத்துகளில் மரத்தின் வெட்டுவாய் - இவையே நோயுறும் இடங்கள். மேற்சட்டமும் பக்கச் சட்டங்களின் பெரும்பகுதியும் வயிரமாகவே இருக்கும். நல்ல தச்சர் உளுத்த அளவை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தைச் சாய்வாக ஒட்டுப்போட்டு இணைப்பார். உடைந்த பலகையை மட்டும் மாற்றுவார். துளையிலும் கழுந்திலும் இணைந்த பொருள் ஆதலின் கழற்றவும் மீண்டும் பூட்டவும் இயலும். அலுமினியத்துக்கு அந்த இயல்பு இல்லை. அது உளுக்காது என்பது மெய். ஆனால் உருளையோ பூட்டோ கடலுப்பில் அரித்துவிட்டால், அதே அளவில் மாற்று உறுப்புக் கிடைக்காதபோது, முழுச் சன்னலையும் எறிந்துவிட்டு மற்றொன்று வாங்க நேர்கிறது.

தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க நம் பதிப்பு வரலாறே போதும். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏட்டில் சிதைந்த அடிகள் பல. 267, 268-ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. நானூறு என்ற எண்ணிக்கையை நிரப்பத் தாமே இரண்டு பாட்டு எழுதிச் சேர்க்கும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. சேர்த்தாரல்லர். இருந்ததைக் காத்தார், இல்லாததை இல்லை என்று காட்டினார். செல்லரித்த ஓர் ஏட்டுக்காகச் சுவடி முழுவதையும் எரித்துவிட்டுப் புதிய நூல் எழுதி, அதற்குப் புறநானூறு என்றே பெயரிட்டால் நாம் ஒப்புவோமா? பழைய நிலையைப் பெயர்த்தெறிந்துவிட்டு மரநிறம் பூசிய அலுமினியத்தை வைப்பது அத்தகையதே. பாட்டில் நேர்ந்தால் இடைச்செருகல் என்கிறோம். வீட்டில் நேர்ந்தால் புதுப்பித்தல் என்கிறோம்.

இலண்டனில் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவியபோது எழுப்பிய குறையும் இதுவே. அக்காலத்து ஆங்கிலேயர் பழைய தேவாலயங்களைப் 'புதுப்பித்து' அவற்றின் வயதை அழித்து வந்தனர். நாள்தோறும் பேணுவதே புதுப்பிப்பதினும் மேல் என்பது அவர் கட்சி.

இங்கே ஒரு தடை எழும். அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. 'மேனாட்டார் கல்லையும் மரத்தையும் போற்றுகின்றனர். நம் மரபு அப்படியா? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று கோபுரத்துக்குப் புதுச் சாயம் பூசுகிறோம், சுதையைப் புதுக்குகிறோம். கோயிலுக்கு இல்லாத தடை சன்னலுக்கு ஏன்?' என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். சப்பானில் ஈசே திருக்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புத்தம்புது மரத்தால் கட்டுகின்றனர்; 2013-இலும் அவ்வாறு கட்டினர். இத்தகைய மரபுகளுக்கும் இடமளிக்கும் வகையில் 1994-இல் நாரா நகரில் கூடிய அறிஞர்கள் மெய்ம்மை என்பதன் பொருளை விரித்தனர். ஆனால் இம்மரபுகளில் எது தொடர்கிறது என்று பாருங்கள். மரம் மாறுகிறது, உளி பிடித்த கை மாறவில்லை. நம் கோயிலுக்கும் ஸ்தபதி தமிழகத்திலிருந்து வருகிறார். அளவும் முறையும் அவரோடு வருகின்றன. பினாங்கின் சன்னலைப் புது மரத்தில், அதே அளவில், அதே அசைவோடு ஒரு தச்சர் செய்தால் எனக்குத் தடையில்லை. அதனைக் குடமுழுக்கு எனவே கொள்வேன். தொழிற்சாலையில் அறுத்த அலுமினியச் சட்டத்தில் எந்தக் கை தொடர்கிறது?

மற்றொரு தடை இன்னும் வலியது, அது பணம். தச்சர் குறைவு, வயிர மரம் அருமை, அலுமினியச் சன்னலோ விரைவில் வந்துவிடும். அந்த வீட்டில் வாழும் முதியவரிடம் போய் மரபைக் காக்கச் சொல்வது எளிது. இரவில் கொசு, தெருவில் ஊர்தி இரைச்சல், கள்வர் அச்சம் - இவற்றை அவர்தாம் தாங்குகிறார். நாம் படம் எடுத்துக்கொண்டு பெரியில் திரும்பிவிடுகிறோம். சாதாரணக் குடும்பத்துக்குச் சட்டம் மட்டும் காட்டி உதவி காட்டாதிருத்தல் முறையாகாது. 2009-இல் தோன்றிய திங்க் சிட்டி என்னும் அமைப்பு கட்டடப் பழுதுபார்ப்புக்கு மானியம் வழங்கியது நல்ல தொடக்கம். மானியம் முகப்புச் சாயத்தைவிடச் சன்னலின் அசைவுக்கு முதலிடம் தருமாயின் பயன் பெரிது. கண்ணாடியையும் நான் முற்றும் விலக்கவில்லை. மரக்கதவுக்கு உட்புறம், திறக்கக்கூடிய கண்ணாடிக் கதவோ கொசுவலைச் சட்டமோ அமைத்தால், நடுப்பகலில் குளிர்சாதனமும் மாலையில் கடற்காற்றும் இரண்டும் கிடைக்கும். குற்றம் கண்ணாடியில் இல்லை. அது அசையாதிருப்பதில் உள்ளது.

பெரும்பொருள் உடையவர்க்கோ சாக்குச் சொல்ல வழியில்லை. லீத் தெருவில் சியோங் பாட் சீ மாளிகை நிற்கிறது; நீலச் சுவரால் பெயர் பெற்றது. அதில் 38 அறைகள், 5 முற்றங்கள், 220 மரச்சன்னல்கள். சிதைந்து ஒண்டுக்குடித்தனமாகக் கிடந்த அம்மாளிகையை 1990-ஐ ஒட்டி ஒரு குழுவினர் வாங்கிப் பழைய முறையிலேயே செப்பனிட்டனர். 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது அதற்குக் கிடைத்தது. இன்று அது விடுதியாகவும் இயங்குகிறது. இருநூற்றிருபது சன்னல்களைக் காத்தும் விடுதி நடத்தலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டா. பத்துச் சன்னல் உடைய கடைவீட்டை வாங்கியவர், 'பழைய சன்னலை வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது' என்று சொல்லும்போது, ஒரு கல் தொலைவுக்குள் இருக்கும் இவ்வீட்டை அவருக்குக் காட்டலாம்.

நம்மவர் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் புடைவைக் கடையும் நகைக் கடையும் உணவகமும் நிறைந்திருப்பது மகிழ்ச்சி தருவது. ஆனால் மேல்மாடிச் சன்னல்களை மறைத்துப் பெயர்ப்பலகை எழுப்புவதும், மாடியைச் சரக்கறையாக்கி உள்ளே பெட்டிகளை அடுக்கிச் சன்னலைத் தாழிட்டுவிடுவதும் நம் தெருவுக்கு அயலான காட்சிகள் அல்ல. 'மரபு, மரபு' என்று மேடையில் முழங்கும் நாம் நம் பலகையை இரண்டடி கீழே இறக்கினால் ஒரு சன்னல் பிழைக்கும்.

கடைசியாகப் பின்சந்துகள். சுற்றுலாப் பயணியர் எடுக்கும் படங்கள் எல்லாம் முகப்பைப் பற்றியவை. ஆகவே பின்புறச் சன்னலுக்குக் கேட்பாரில்லை. மேற்சொன்ன மூன்று வழிகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. சூலியாத் தெருவுக்கும் பினாங்குத் தெருவுக்கும் இடைப்பட்ட சந்துகளில் நடந்தால், மரநிலையைப் பெயர்த்துச் செங்கல் அடைத்த சதுரங்களையும், அவற்றின் நடுவே துளைத்து நுழைத்த குழாய்களையும், குளிர்ப்பெட்டிகளிலிருந்து சுவரில் சொட்டும் நீரையும் காணலாம். அவற்றினிடையே எங்கேனும் ஒரு பழைய கதவு, கீல் ஒன்று போய்ச் சாய்ந்தபடி, திறந்து கிடக்கும். சிலப்பதிகாரம் நடத்தும் ஆசிரியர் மாணவரை அழைத்துச் சென்று அதனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். பலகை அசைகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம்.